ஆறுதலும் தேறுதலும்: பார்வை இழந்த பின் பினோத்பிஹாரி முகர்ஜி படைத்த ஓவியங்கள்

வங்காளத்தில் வேர் பிடித்துவிட்ட நம் தமிழ்க் குடும்பங்களில் சாந்திநிகேதனுக்குப் போகாதவர்கள் குறைவு. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஹவுராவில் காலை ரயில் பிடித்து, போல்பூரில் இறங்கி, தாகூர் வாழ்ந்த வீடுகளைப் பார்த்து, தோல் பையும் காந்தா புடவையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம். நானும் முதல் இரண்டு தடவை அப்படித்தான் திரும்பினேன். அங்கே சுவர்களிலும் கூரையிலும் இருக்கும் ஓவியங்களை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. மூன்றாம் தடவை ஒரு வங்காள நண்பர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அன்று தொடங்கியது இந்தக் கட்டுரை என்று சொல்லலாம்.

அந்த ஓவியங்களில் முக்கியமானவற்றைத் தீட்டியவர் பினோத்பிஹாரி முகர்ஜி. சாந்திநிகேதன் வழக்கப்படி 'பினோத்-தா'. ஐம்பது வயதைத் தாண்டியதும் பார்வையை முழுவதுமாக இழந்தவர். இழந்த பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓவியராகவே வாழ்ந்தவர்.

பாடகர் ஒருவர் பார்வை இழந்தால் நமக்கு வியப்பில்லை. கவிஞர் இழந்தாலும் அப்படியே. அந்தகக்கவி வீரராகவ முதலியாரை நாம் அறிவோம். ஒருவர் நடக்க முடியாதவர், ஒருவர் பார்க்க முடியாதவர் என்று இருந்து, ஒருவரை ஒருவர் தாங்கிப் பாடித் திரிந்த இரட்டைப் புலவர்களையும் அறிவோம். ஆனால் ஓவியர்? கண்ணே தொழில், கண்ணே கருவி என்று வாழ்ந்தவருக்குக் கண் போனால் என்ன மிஞ்சும்? 'கலை அவர் புண்ணை ஆற்றியது' என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அப்படித்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அந்த வரி போதுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பார்வை ஒரு கடன்

பினோத்பிஹாரி 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 7 அன்று கல்கத்தாவின் பெஹாலாவில் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றதில் கடுமையான கிட்டப்பார்வை. கரும்பலகை தெரியாத பையனுக்கு ஒழுங்கான பள்ளிப் படிப்பு எப்படி அமையும்? 1917-இல் சாந்திநிகேதன் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். 1919-இல் கலாபவன் தொடங்கியபோது அதன் முதல் மாணவர்களில் ஒருவரானார்.

பார்வை இப்படி இருக்கும் பையனை ஓவியத்தில் சேர்ப்பதா என்று ஆசிரியர் நந்தலால் போஸுக்கே தயக்கம் இருந்ததாகவும், அவன் ஆர்வமாக உட்கார்ந்து வேலை செய்கிறான் என்றால் அவனை விட்டுவிடுங்கள் என்று தாகூர் சொன்னதாகவும் அங்கே ஒரு செய்தி வழங்குகிறது. எந்தப் பெரிய மனிதரும் ஒரு சிறுவனுக்குச் செய்யக்கூடிய பேருதவி அதுதான் என்று எனக்குத் தோன்றும். அவனுடைய எதிர்காலத்தை நாம் முன்கூட்டியே தீர்மானித்துவிடாமல் இருப்பது.

1925 முதல் அவரே கலாபவனில் ஆசிரியர். 1930-களின் பிற்பகுதியில் ஜப்பான் போய் வந்தார். அங்கே நீளச் சுருள் ஓவியங்களையும் தூரிகைக் கோட்டின் வலிமையையும் நேரில் கண்டார். ஆனால் அவருடைய கருப்பொருள் ஜப்பானும் அல்ல, புராணமும் அல்ல. பீர்பூம் மாவட்டத்துச் செம்மண். மழைநீர் அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் அந்த நிலத்துக்கு 'கோவாய்' என்று பெயர். நடுநடுவே பனைமரங்கள். நம் ஊர்த் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலம் அந்நியமாகத் தெரியாது. அலங்காரம் எதுவும் இல்லாத அந்த வெற்று நிலத்தைத்தான் அவர் திரும்பத் திரும்ப வரைந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தன் பார்வை நிரந்தரம் அல்ல என்பதைச் சின்ன வயதிலிருந்தே உணர்ந்து வாழ்ந்தவர் இவர். நமக்குப் பார்வை சொத்து. அவருக்கு அது கடன். எந்த நாளும் திருப்பிக் கேட்கப்படலாம். கடன் வாங்கிய பொருளை மனிதன் வீணாக்குவதில்லை.

கூரையும் சுவரும்

1940-இல் கலாபவன் விடுதி ஒன்றின் கூரையில் அவர் தீட்டிய ஓவியம் இன்றும் பேசப்படுகிறது. நடுவில் ஒரு குளம். அதைச் சுற்றி மரங்கள், குடிசைகள், மனிதர்கள், ஆடு மாடுகள். அண்ணாந்து பார்க்கும் நமக்கு மேல் எது, கீழ் எது என்று சொல்ல முடியாது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அந்தப் பக்கத்துக் காட்சி நமக்கு நேராக இருக்கும். கிராமத்துக் குளக்கரையைச் சுற்றி நடந்தால் எப்படியோ அப்படி. அந்த ஆண்டுதான் சத்யஜித் ரே கலாபவனில் மாணவராகச் சேர்ந்தார்.

அவருடைய பெரும்படைப்பு 1946-47-இல் ஹிந்தி பவனில் தீட்டிய இடைக்காலத்து அடியார்கள் சுவரோவியம். அறையின் மூன்று சுவர்களின் மேற்பகுதியில் ஓடும் நீண்ட ஓவியம் இது. ராமானுஜர், கபீர், சூர்தாசர், துளசிதாசர், குரு கோவிந்த் சிங் என்று பலரும் அதில் இடம் பெறுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர் பீர்பூம் சுவரில் நிற்பதைப் பார்க்கும்போது நமக்கு ஒரு சொந்தம் கலந்த மகிழ்ச்சி வருவது இயல்பு. ஆனால் ஓவியத்தின் சிறப்பு அடியார்களைத் தனித்தனியே பீடத்தில் ஏற்றவில்லை என்பதில் இருக்கிறது. அவர்கள் சந்தடியான தெருக்களில், வேலை செய்யும் ஜனங்களின் நடுவில் இருக்கிறார்கள். நதி ஓடுவது போல மனிதக் கூட்டம் ஓடுகிறது. கல்கத்தாவில் 1946 ஆகஸ்டில் நடந்த கலவரத்தையும் அடுத்த ஆண்டின் பிரிவினையையும் நினைத்துக்கொண்டு பார்த்தால், ஜாதி மத வேலிகளைத் தாண்டிய மனிதர்களை அந்த ஆண்டுகளில் ஒருவர் சுவரில் எழுதியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன் தொழில்முறையையும் சொல்ல வேண்டும். ஈரமான சுண்ணாம்புச் சாந்தின்மேல் நிறத்தைத் தண்ணீரில் குழைத்துத் தீட்டும் முறை அது. சாந்து காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாகிறது. நிறமும் அதோடு சேர்ந்து கல்லின் பகுதியாகிவிடுகிறது. ஆகவே அன்றன்றைக்கு வேண்டிய அளவுதான் சாந்து பூச வேண்டும். அது காய்வதற்குள் முடித்துவிட வேண்டும். அழித்து எழுத முடியாது. இவ்வளவு பெரிய வேலைக்கு ஓவியர்கள் வழக்கமாக முழு அளவு வரைபடம் தயாரித்துச் சுவரில் பதித்துக்கொள்வார்கள். பினோத்பிஹாரி அந்தத் துணையை நாடவில்லை. நேரடியாகச் சுவரிலேயே காட்சியை வளர்த்துக்கொண்டு போனார்.

தூரத்தில் நின்று முழுச் சுவரையும் ஒரே பார்வையில் அளக்க இயலாத மனிதர் அவர். ஆக அந்த முழுமை அவர் கண்ணில் இருந்திருக்க முடியாது. வேறு எங்கோ இருந்தது. நினைவிலும், நடந்து நடந்து பழகிய காலிலும், கையின் தாளத்திலும் இருந்தது என்பது என் எண்ணம். பிற்காலத்தில் அவரைக் காப்பாற்றியது எது என்று கேட்டால், அதன் விதையை இந்தச் சுவரில்தான் காண்கிறேன். இன்னொன்றும் மனத்தைத் தைக்கிறது. அந்தச் சுவரில் இருக்கும் சூர்தாசர் பார்வையற்ற பாடகர். அவரைத் தீட்டிப் பத்தாண்டு ஆவதற்குள் தீட்டியவரே இருளுக்குள் போனார்.

இழப்பு

1949-வாக்கில் அவர் சாந்திநிகேதனை விட்டு நேபாளம் போனார். காத்மாண்டு அருங்காட்சியகத்தில் பொறுப்பு ஏற்றார். பிறகு ராஜஸ்தானத்தில் பனஸ்தலி, பிறகு முசௌரியில் மனைவி லீலாவோடு சேர்ந்து ஒரு கலைப் பயிற்சி நிலையம் என்று ஊர் ஊராக வாழ்க்கை. லீலா முகர்ஜி அவரிடம் பயின்றவர், தாமே சிற்பியானவர், ஹிந்தி பவன் சுவரில் அவரோடு வேலை செய்தவர். சணல் கயிற்றை முடிந்து முடிந்து ஆளுயரச் சிற்பங்கள் செய்து பின்னாளில் புகழ் பெற்ற மிருணாளினி முகர்ஜி இவர்களுடைய மகள்.

1956-57-இல் கண்புரைக்கு அறுவை செய்துகொண்டார். அது பலிக்கவில்லை. இருந்த கொஞ்சம் பார்வையும் போயிற்று. 1958-இல் சாந்திநிகேதனுக்குத் திரும்பி, கலாபவனில் கலை வரலாறும் கலைக் கொள்கையும் கற்பிக்கும் ஆசிரியரானார். பார்வை இல்லாதவர் படங்களைப் பற்றிப் பாடம் நடத்தினார் என்பதைச் சற்று நிறுத்தி யோசித்துப் பாருங்கள். கண்டதையெல்லாம் மனத்தில் எவ்வளவு ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தால் அது முடியும்!

பாடம் நடத்தியதோடு அவர் நிற்கவில்லை. பேனாவாலும் வண்ணக் கட்டியாலும் கோட்டோவியங்கள் வரைந்தார். மெழுகில் சிறு உருவங்கள் பிடித்தார். கல்லச்சு ஓவியங்கள் செய்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்ணக் காகிதங்களை மடித்தும் கத்தரித்தும் ஒட்டியும் படங்கள் செய்தார். 1972-இல் கலாபவன் வளாகத்தில் பீங்கான் ஓடுகளால் ஆன ஒரு பெரிய சுவர் வேலையையும் முடித்தார். அதே ஆண்டு அவருடைய மாணவர் சத்யஜித் ரே 'தி இன்னர் ஐ' என்ற இருபது நிமிட ஆவணப்படத்தை எடுத்தார். 1974-இல் பத்ம விபூஷண். 'சித்ரகர்' என்ற வங்காளி நூலுக்காக 1980-இல் ரவீந்திர புரஸ்கார். அந்த ஆண்டே காலமானார்.

விரல் அறியும் கோடு

இனி அந்தக் காகிதப் படங்களுக்கு வருவோம். பிரான்ஸின் மாத்தீஸும் 1941-இல் பெரிய அறுவைக்குப் பிறகு நாற்காலியிலும் படுக்கையிலும் இருந்தபடி காகிதம் கத்தரித்துப் படங்கள் செய்தார் என்பது உலகறிந்த செய்தி. இருவரையும் ஒப்பிடுவது வழக்கம். ஆனால் வேறுபாடு பெரிது. மாத்தீஸுக்குக் கால் தளர்ந்தது, கண் இருந்தது. ஒட்டிய படத்தைப் பார்த்து, இது இங்கே வேண்டாம், அங்கே நகர்த்து என்று சொல்ல முடிந்தது. பினோத்பிஹாரிக்கு அது முடியாது.

அப்படியானால் ஏன் காகிதம்? காரணம் எளிமையானது. பேனாவால் போட்ட கோட்டை விரல் அறியாது. கத்தரித்த விளிம்பை விரல் அறியும். தாளில் வரைந்தால், வரைந்த மறுகணமே அந்தக் கோடு அவரை விட்டுப் போய்விடுகிறது. அது எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று அவருக்குத் தெரியாது. காகிதத்தை வெட்டினாலோ, உருவம் கையிலேயே நிற்கிறது. தடவிப் பார்க்கலாம். இடுப்பு சரியாக வளைந்திருக்கிறதா, கை நீண்டுவிட்டதா என்று சோதிக்கலாம். ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதைக்கூட விரல் சொல்லும். ஆக, அவர் தனக்குத் தெரிந்த பழைய வேலையைத் தட்டுத் தடுமாறித் தொடரவில்லை. புதிய நிலைமைக்கு ஏற்ற புதிய தொழிலைக் கண்டுபிடித்தார். இதைத்தான் நான் அவருடைய பெரிய வெற்றியாகக் கருதுகிறேன்.

நிறம் மட்டும் விரலுக்கு எட்டாது. சிவப்புத் தாளும் நீலத் தாளும் தொடுவதற்கு ஒன்றுதான். அங்கே அடுத்தவர் வாய்ச்சொல் வேண்டும். இது சிவப்பு, இது மஞ்சள் என்று கேட்டுக் கேட்டு, ஐம்பது வருஷம் பார்த்து வைத்த நிறங்களின் நினைவிலிருந்து அவர் சேர்க்கை செய்தார். 'அப்படியானால் இது அவருடைய ஓவியமா, உதவியாளருடையதா?' என்று கேட்பவர்கள் உண்டு. ஹிந்தி பவன் சுவரில்கூடப் பல மாணவர்கள் கை வைத்தார்கள். அதை யாரும் அப்படிக் கேட்பதில்லையே. ஸ்தபதி சொல்ல, கீழே நாலு பேர் உளி பிடிக்கும் மரபில் வந்த நமக்கு இது பெரிய கேள்வியாக இருக்கக் கூடாது. தீர்மானம் யாருடையதோ, படைப்பு அவருடையது.

அத்தையின் கோலம்

இந்த இடத்தில் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். சொந்தக் கதையை ஆய்வுக் கட்டுரையில் நுழைப்பது முறையல்ல என்று மலர்க் குழுவினர் நினைக்கலாம். ஆனால் இந்த ஓவியரை நான் புரிந்துகொண்டது அந்தக் கதை வழியாகத்தான்.

என் அப்பாவின் அக்கா எங்களோடு லேக் மார்க்கெட் வீட்டில் இருந்தாள். கும்பகோணத்துக்காரி. மார்கழி என்றால் மாடிப்படி முதல் வாசல் வரை அவள் கோலம்தான். எதிர்வீட்டு வங்காளிப் பெண்கள் எல்லாம் வந்து நின்று பார்ப்பார்கள். எழுபது வயதுக்கு மேல் கிளாக்கோமாவில் அவள் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய், கடைசியில் முழு இருட்டு. நாங்கள் எல்லோரும் அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டோம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். படியில் இடறி விழுந்துவிடப் போகிறாள் என்று கோலமாவு டப்பாவை எடுத்து உயரே அலமாரியில் வைத்துவிட்டோம். வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டினோம்.

"டேய், மாவு டப்பா எங்கே?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"எதுக்கு அத்தை சிரமம்? வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. ரொம்ப அழகா இருக்கு."

"ஒட்டினது யார் போட்ட கோலம்டா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவளும் அதற்குமேல் கேட்கவில்லை.

2006-07 குளிர்காலத்தில் அலுவலக வேலையாகத் தில்லி போயிருந்தேன். அங்கே நவீனக் கலைக் கூடத்தில் பினோத்பிஹாரியின் நூற்றாண்டு நினைவுக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. குலாம் முகம்மது ஷேக்கும் சிவகுமாரும் அமைத்தது. காகிதப் படங்கள் இருந்த பகுதியில் நெடுநேரம் நின்றேன். ஊருக்கு வந்ததும் செய்த முதல் காரியம் அலமாரியிலிருந்து அந்த டப்பாவை எடுத்து அத்தை கையில் கொடுத்ததுதான்.

மறுநாள் காலை வாசலில் உட்கார்ந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் தூரம் அளந்து அளந்து ஏழு புள்ளி வைத்தாள். அப்புறம் வரிசை வரிசையாகக் குறைத்துக்கொண்டு வந்தாள். பிறகு வளைத்தாள். காகித விளிம்பைத் தொட்டுச் சரிபார்ப்பது போலக் கோலத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது. தொட்டால் கலைந்துவிடும். எல்லாம் கை நினைவுதான். முடித்துவிட்டு, "சரியா வந்திருக்கா?" என்றாள்.

ஒரு ஓரத்தில் இழை இரண்டு புள்ளிகளைத் தவறவிட்டு உள்ளே போயிருந்தது. "பிரமாதமா இருக்கு அத்தை" என்றேன்.

"பொய் சொல்லாதே. எந்தப் புள்ளி விட்டுப்போச்சு, அதைச் சொல்லு."

சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "நாளைக்குச் சரி பண்ணிடறேன்" என்று எழுந்துபோனாள். மறுநாள் அந்த இடத்தில் பிழை இல்லை. வேறு இடத்தில் இருந்தது. அதையும் கேட்டுக்கொண்டாள். அவள் போகும்வரை நான்கு வருஷம் இந்த வழக்கம் நடந்தது.

அனுதாபம் விமர்சனம் ஆகாது

அத்தை எனக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தை வைத்துக்கொண்டுதான் பினோத்பிஹாரியின் பிற்காலப் படைப்புகளை மதிப்பிட விரும்புகிறேன். பார்வையற்றவர் செய்தது என்பதற்காகவே எல்லாவற்றையும் 'பிரமாதம்' என்று சொல்வது அவரை மதிப்பதாகாது. எந்தப் புள்ளி விட்டுப்போயிற்று என்று சொல்வதே மரியாதை.

ஆகவே சொல்கிறேன். பிற்காலக் கோட்டோவியங்களில் சில, கை எதையோ தேடிக்கொண்டிருப்பதன் பதிவுகள் மட்டுமே. தேடியது கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. காகிதப் படங்களிலும் சிலவற்றில் உருவங்கள் நன்றாக இருந்தும் அவற்றுக்கு இடையே உள்ள வெளி உயிர் இல்லாமல் கிடக்கிறது. ஹிந்தி பவன் சுவரில் ஆயிரம் வேலைகள் ஒரே மூச்சாக ஓடும் அந்த வீச்சு பிறகு திரும்பி வரவில்லை. வர முடியாது. ஒரு மனிதனின் உச்சம் எது என்று கேட்டால், நான் தயங்காமல் 1947-ஐத்தான் சொல்வேன்.

ஆனால் நல்ல காகிதப் படங்களைப் பாருங்கள். தலை சாய்த்து அமர்ந்திருக்கும் உருவங்கள், நாலே வெட்டில் எழும் உடல்கள். செய்தவர் பார்வையற்றவர் என்று தெரியாத ஒருவருக்கு இவற்றைக் காட்டினாலும் அவர் நின்று பார்ப்பார். இதுதான் என் உரைகல். கதை தெரியாமலும் படம் நிற்க வேண்டும். இவை நிற்கின்றன. தேவையற்றது எதுவும் இவற்றில் இல்லை. கண் உள்ள காலத்தில் அவர் ஓவியங்களில் இருந்த நுணுக்கங்கள் கழிந்து, உடம்பின் பாரமும் சாய்வும் அமர்வும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்து வரைந்த படம் அல்ல அது. உட்கார்ந்திருப்பவர் உள்ளிருந்து உணர்ந்து செய்தது.

பீங்கான் ஓட்டுச் சுவரிலும் இதே உருவமொழிதான். ஆனால் அங்கே ஒரு திருப்பம் உண்டு. அறைக்குள் கையடக்கமாக இருந்த உருவங்கள் வெயிலுக்கும் மழைக்கும் நடுவே பொதுவெளிக்கு வந்துவிடுகின்றன. தான் பார்க்க முடியாத ஒன்றைப் போகிற வருகிற மாணவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்று வைத்துவிட்டுப் போகிறார். அதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

இரண்டு சொற்கள்

தமிழில் 'ஆறுதல் தேறுதல்' என்று சேர்த்தே சொல்லிவிடுகிறோம். துக்கம் கேட்கப் போனால் 'ஆறுதல் தேறுதல் சொல்லிட்டு வா' என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. சூடு ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனம் ஆறுகிறது. காலம் போகப் போகத் தானாகவே நடப்பது அது. பிறர் வந்து உட்கார்ந்து பேசினால் கொஞ்சம் சீக்கிரம் நடக்கும். ஆனால் தேறுவது வேறு. நோயாளி தேறினான் என்றால் மறுபடி எழுந்து நடக்கிறான் என்று பொருள். பையன் பரீட்சையில் தேறினான் என்றால் அவனே எழுதித் தேறினான் என்று பொருள். ஆறுவதற்கு அமைதி போதும். தேறுவதற்கு வேலை வேண்டும்.

கலை பினோத்பிஹாரியின் புண்ணை ஆற்றியதா? எனக்குத் தெரிந்தவரை அவர் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. பார்வையின்மையை அவர் ஒரு குறையாகக்கூடப் பேசவில்லை. அது ஒரு புது அனுபவம், இருப்பின் ஒரு புது நிலை என்ற கருத்தையே வெளியிட்டார். ரேயின் படமும் அந்தக் கருத்தோடுதான் முடிகிறது. கலை அவருக்குக் கொடுத்தது ஆறுதல் அல்ல, தேறுதல். காலையில் எழுந்தால் கைக்கு ஒரு வேலை. தீர்க்க வேண்டிய ஒரு சிக்கல். நேற்று தவறியதை இன்று சரி செய்ய ஒரு வாய்ப்பு. 'சரியாக வந்திருக்கிறதா?' என்று கேட்பதற்கு ஒரு காரணம்.

நம்மவர்களில் எத்தனையோ குடும்பங்களில் வயதானவர்கள் இருக்கிறார்கள். ஊரை விட்டு, பேச்சுத்துணையை விட்டுப் பிள்ளைகளோடு இங்கே வந்து இருப்பவர்கள். அவர்களில் சிலருக்குக் கண் போகிறது, காது போகிறது, துணை போகிறது. நாம் அவர்களுக்கு ஆறுதல் நிறையக் கொடுக்கிறோம். மருந்து, மெத்தை, டிவி எல்லாம் கொடுக்கிறோம். கூடவே அவர்கள் கையிலிருந்த கரண்டியையும் ஊசியையும் மாவு டப்பாவையும் பாசத்தோடு பிடுங்கிக்கொள்கிறோம். தேறுவதற்கான வழியை அடைத்துவிட்டு, ஏன் இப்படிச் சோர்ந்து கிடக்கிறார்கள் என்று டாக்டரிடம் கேட்கிறோம். நான் செய்த தவறு இது. மற்றவர்கள் செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஒரு தமிழ்ச் சரடு

முடிக்கும் முன் ஒரு செய்தி. 'சித்ரகர்' நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் கே.ஜி. சுப்பிரமணியன். 1924-இல் கேரளத்துக் கூத்துப்பறம்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும்போது விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1944-இல் சாந்திநிகேதனுக்கு வந்து, பினோத்பிஹாரியிடம் பயின்று, ஹிந்தி பவன் சுவரில் உதவியாளராகக் கை கொடுத்தவர். பின்னாளில் பரோடாவிலும் சாந்திநிகேதனிலும் தாமே பெரிய ஆசிரியராகி, 2016-இல் மறைந்தார். தமிழ் வீட்டில் பிறந்து, மலையாள மண்ணில் வளர்ந்து, வங்காளியில் படித்து, தன் குருவின் சொற்களை ஆங்கிலத்தில் உலகுக்குத் தந்தவர். வெளிமாநிலத் தமிழன் என்று யாரையாவது காட்டி நம் பிள்ளைகளிடம் பெருமை பேச வேண்டுமானால் இவரைக் காட்டலாம். கலாபவன் வளாகத்தில் அவர் கறுப்பு வெள்ளையில் தீட்டிய சுவரும் இருக்கிறது. குருவின் ஓட்டுச் சுவரும் சீடரின் சுவரும் ஒரே வளாகத்தில்.

சாந்திநிகேதன் 2023-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. அடுத்த தடவை போகும்போது புதன்கிழமையைத் தவிர்த்துக்கொள்ளுங்கள், அங்கே அன்றுதான் விடுமுறை. சுவரோவியங்கள் இருக்கும் கட்டடங்கள் வகுப்புகள் நடக்கும் இடங்கள், ஆகவே முன்கூட்டி அனுமதி கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டுப் பெரியவர்களையும் அழைத்துப் போங்கள். அவர்களுக்குச் சரியாகத் தெரியாவிட்டால் என்ன, பக்கத்தில் நின்று சொல்லுங்கள். எங்கே சிவப்பு, எங்கே நீலம், யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நடக்கிறார் என்று சொல்லுங்கள். பினோத்-தாவுக்கு யாரோ அப்படிச் சொன்னதால்தான் அந்தப் படங்கள் பிறந்தன.

எங்கள் வாசலில் இப்போது ஸ்டிக்கர் இல்லை. என் மருமகள் போடுகிறாள். புள்ளி விட்டுப்போனால் சொல்கிறேன்.